பாதி மலையில் திக்கும் டர்போ ஸ்னோமொபைல்... 'சென்சார் ஃபால்ட்' என்று காட்டினால் சென்சார்தான் காரணமா?

மைனஸ் 20 டிகிரி குளிர். செங்குத்தான பனிச்சரிவு. த்ராட்டிலை முழுசா அழுத்தி மேலே ஏறும்போது எஞ்சின் திடீரென மிஸ்ஸிங் ஆகிறது. ஒரு ஜெர்க், இன்னொரு ஜெர்க், டிஸ்பிளேவில் மஞ்சள் விளக்கு, கூடவே ஏதோ ஒரு சென்சாரின் பெயர். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும், அமெரிக்காவின் கொலராடோ, வயோமிங், ஐடஹோ மலைகளிலும் டர்போ ஸ்னோமொபைல் ஓட்டுபவர்களுக்கு இது பழக்கமான தலைவலி.

சாலையில் கார் நின்றால் ஓரம் கட்டிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடலாம். பனிச்சரிவு பகுதியில் பாதி மேட்டில் வண்டி நின்றால் நீங்கள் நிற்கும் இடமே ஆபத்து. அதனால்தான் அந்த விளக்கு என்ன சொல்கிறது, அதை எவ்வளவு நம்பலாம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஸ்னோமொபைலுக்கு டர்போ எதற்கு?

முன்னால் இரண்டு ஸ்கீ, பின்னால் டேங்க் சக்கரம் மாதிரி சுற்றும் ரப்பர் பெல்ட், நடுவில் பைக் போல உட்காரும் சீட். காஷ்மீரின் குல்மார்க் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். இன்று விளையாட்டு வண்டியாகத் தெரிந்தாலும் இதன் தொடக்கம் அப்படி இல்லை. கியூபெக்கைச் சேர்ந்த ஜோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியரின் இரண்டு வயது மகன் 1934 குளிர்காலத்தில், பனியால் சாலை மூடியிருந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாமல் இறந்தான். பனியில் ஓடும் வண்டிக்கான அவரது முயற்சிகள் பின்னர் 1959-ல் 'ஸ்கி-டூ'வாக விற்பனைக்கு வந்தன.

இப்போ டர்போ விஷயத்துக்கு வருவோம். 3,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான். காற்று குறைந்தால் எரிக்க முடிந்த பெட்ரோலும் குறையும். டர்போ இல்லாத எஞ்சின் அந்த உயரத்தில் கால் பங்குக்கும் மேல் பலத்தை இழந்துவிடும். எக்ஸாஸ்ட் வாயுவால் சுழலும் டர்போ, மெலிந்த காற்றை அழுத்தி உள்ளே தள்ளி அந்த இழப்பை ஈடுகட்டுகிறது.

முன்பெல்லாம் ரைடர்கள் தனியாக கிட் வாங்கி டர்போ பொருத்திக்கொள்வார்கள். டூ-ஸ்ட்ரோக் ஸ்னோமொபைலில் கம்பெனியே டர்போ பொருத்தித் தந்தது 2020 மாடல் ஸ்கி-டூ 850 இ-டெக் டர்போவில்தான். 8,000 அடி உயரம் வரை 165 குதிரைத்திறன் குறையாது என்பது அதன் விளம்பரமே. 2022 மாடலில் போலாரிஸும் களத்தில் இறங்கியது. ஃபோர்-ஸ்ட்ரோக் டர்போ வண்டிகளை யமஹாவும் ஆர்க்டிக் கேட்டும் அதற்கு முன்பே விற்றுக்கொண்டிருந்தன.

கம்ப்யூட்டருக்குக் கண் இல்லை

எஞ்சினை நடத்துவது ஈசியு எனப்படும் சின்ன கம்ப்யூட்டர். எவ்வளவு காற்று உள்ளே வருகிறது என்று அதற்கு நேரடியாகத் தெரியாது. இன்டேக்கில் உள்ள அழுத்தத்தை மேப் சென்சார் சொல்லும். காற்றின் வெப்பநிலையை இன்னொன்று, கூலன்ட் சூட்டை வேறொன்று, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை மற்றொன்று. எக்ஸாஸ்ட் சூட்டைச் சொல்லும் சென்சாரும், எஞ்சின் 'நாக்' அடிப்பதைக் கேட்கும் சென்சாரும் பல மாடல்களில் உண்டு. இவை சொல்வதை வைத்துத்தான் எவ்வளவு பெட்ரோல், எப்போது ஸ்பார்க் என்று ஈசியு முடிவு செய்கிறது.

அழுத்தம் ஒன்றாக இருந்தாலும், மைனஸ் 30 டிகிரி காற்று, பிளஸ் 30 டிகிரி காற்றைவிடக் கிட்டத்தட்ட 25 சதவீதம் அடர்த்தி அதிகம். அதாவது வெப்பநிலையைத் தப்பாகச் சொன்னால் பெட்ரோல் கணக்கும் தப்பாகிவிடும். கூடினால் பிளக் நனைந்து திக்கும். குறைந்தால் பிஸ்டன் உருகும்.

கோடு சொல்வது என்ன?

'காற்று வெப்பநிலை சென்சார் ஃபால்ட்' என்று கோடு வந்ததும் பலரும் செய்வது புதுசா ஒரு சென்சார் ஆர்டர் போடுவது. பணம் போகும், மிஸ்ஸிங் போகாது. ஏனென்றால் அந்தக் கோடு சொல்வது, 'இந்த சர்க்யூட்டிலிருந்து வரும் வோல்டேஜ் நம்பும்படி இல்லை' என்பது மட்டும்தான். சர்க்யூட் என்றால் சென்சார், அதன் வயர், கனெக்டர், எர்த் எல்லாமும் சேர்ந்தது. பனியில் ஓடும் வண்டியில் இவற்றில் முதலில் பழுதாவது பெரும்பாலும் சென்சார் இல்லை. பனி உருகி கனெக்டருக்குள் போகும், மீண்டும் உறையும். அதிர்வில் வயர் பாடியில் உரசித் தேயும். கோடையில் ஷெட்டில் போட்டு வைத்த வண்டியில் எலி கூடு கட்டி வயரைக் கடித்திருக்கும். இது ஜோக் இல்லை, சீசன் தொடக்கத்தில் ஏர்பாக்ஸைத் திறந்து பார்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெப்பநிலை சென்சாருக்குள் இருப்பது தெர்மிஸ்டர். குளிர்ந்தால் அதன் மின்தடை ஏறும், சூடானால் இறங்கும். வயர் முழுசா அறுந்தால் மின்தடை எல்லையில்லாமல் போய்விடும். ஈசியு அதை மைனஸ் 40 டிகிரி போலப் படித்து, சந்தேகப்பட்டு, கோடு போடும். அறுந்த வயர் ஒரு வகையில் நேர்மையானது.

ஏமாற்றுவது பாதி கெட்ட கனெக்ஷன்தான். வழக்கமான ஒரு தெர்மிஸ்டர் 60 டிகிரியில் சுமார் 600 ஓம் காட்டும், 40 டிகிரியில் சுமார் 1,200 ஓம். கனெக்டர் பின்னில் பச்சை பிடித்து 600 ஓம் தடை கூடினால், 60 டிகிரி சூட்டில் இருக்கும் எஞ்சினை ஈசியு 40 டிகிரி என்று நினைக்கும். அது நம்பக்கூடிய எண் என்பதால் கோடும் வராது, விளக்கும் எரியாது. 'எஞ்சின் இன்னும் சூடாகவில்லை' என்று பெட்ரோலைக் கூட்டும். வண்டி திக்கும். 'கோடே இல்லையே, அப்போ சென்சார் பிரச்னை இல்லை' என்று முடிவெடுத்தால் இங்கேதான் மாட்டிக்கொள்வோம்.

ஒரே நேரத்தில் மூன்று நான்கு சென்சார் கோடு வந்தால்? எல்லாம் ஒரே நாளில் செத்துப்போக வாய்ப்பு மிகக் குறைவு. பல சென்சார்களுக்கு 5 வோல்ட் சப்ளையும் எர்த்தும் பொதுவானவை. ஒன்று ஷார்ட் ஆனால் மற்றதையும் கீழே இழுத்துவிடும். மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றினால், எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அந்தப் பக்கம்தான் ஷார்ட். பேட்டரியும் எர்த் போல்ட்டும் இதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டியவை.

காலையில் ஒரு சோதனை

செலவே இல்லாத, பலரும் தவறவிடும் சோதனை ஒன்று உண்டு. இரவு முழுக்க வெளியே நின்ற வண்டியில் காலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், ஈசியுவுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து சென்சார் அளவுகளைப் படிக்க வேண்டும். இதற்கு வண்டிக்கேற்ற ஸ்கேன் டூல் தேவை, சில மாடல்களில் டிஸ்பிளேவிலேயே சில அளவுகள் தெரியும்.

அந்த நேரத்தில் காற்று, கூலன்ட் இரண்டின் சூடும் வெளியே உள்ள குளிரோடு ஒத்துப்போக வேண்டும். ஒன்று மைனஸ் 15, இன்னொன்று பிளஸ் 5 என்றால் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது. மேப் சென்சார் அந்த ஊரின் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும். 2,000 மீட்டர் உயரத்தில் அது சுமார் 80 கிலோபாஸ்கல். ஓடாத எஞ்சினில் 60 என்றோ 100 என்றோ காட்டினால் சென்சாரின் சின்னத் துளையில் ஐஸோ ஆயில் பிசுக்கோ அடைத்திருக்கலாம். த்ராட்டிலை மெதுவாக அழுத்தினால் அந்த எண் வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும், நடுவில் குதிக்கக் கூடாது.

எப்போது திக்குகிறது?

கோடைவிட இந்தக் கேள்வி முக்கியம். ஐடிலில் சீராக ஓடி, பூஸ்ட் ஏறும்போது மட்டும் வெட்டினால் முதலில் ஸ்பார்க் பிளக். அழுத்தம் கூடின சிலிண்டரில் பொறி தாண்டுவது கஷ்டம். தேய்ந்த பிளக்கும் விரிசல் விட்ட பிளக் கேப்பும் சும்மா நிற்கும்போது நல்லவை போல நடிக்கும். அடுத்தது டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயின் கிளாம்ப். குளிரில் ரப்பர் இறுகி, கிளாம்ப் நழுவி, அழுத்தின காற்று வெளியே போய்க்கொண்டிருக்கும். ஹோஸ் ஓரத்தில் ஆயில் ஈரம் தெரிந்தால் அதுதான் அடையாளம்.

மூன்றாவது பெட்ரோல் அழுத்தம். இதில் அலட்சியம் கூடாது. இன்டேக்கில் பூஸ்ட் ஏறும்போது இன்ஜெக்டர் அதை எதிர்த்துத்தான் பெட்ரோலைத் தள்ள வேண்டும். தனியாகப் பொருத்திய டர்போ கிட்டுகளில் பூஸ்ட்டோடு பெட்ரோல் அழுத்தத்தையும் ஏற்ற ரெகுலேட்டருக்கு ஒரு சின்ன ஹோஸ் போகும். அது கழன்றாலோ உள்ளே ஈரம் உறைந்தாலோ, எஞ்சினுக்கு அதிகம் தேவைப்படும் நேரத்தில் பெட்ரோல் குறையும். இந்தத் திக்கலோடு த்ராட்டிலைப் பிடித்தே ஓட்டினால் பிஸ்டன் போய்விடும்.

பெட்ரோல் தரமும் உண்டு. அங்கே பல டர்போ வண்டிகள் கேட்பது '91'. நம்ம ஊர் சாதா பெட்ரோலும் 91 தானே என்று தோன்றலாம். அளவுகோல் வேறு. அமெரிக்க 91, நம் கணக்கில் சுமார் 95, 96 வரும். குறைந்த ஆக்டேன் போட்டால் நாக் சென்சார் அலறும், ஈசியு ஸ்பார்க்கைத் தள்ளிப்போடும், வண்டி இழுக்காது. இங்கே சென்சார் சொல்வது உண்மை.

ஆழமான தூள் பனியில் புகுந்து வந்ததும் திக்கினால் ஏர் இன்டேக் வலையில் பனி அப்பியிருக்கும், தட்டிவிட்டால் போதும். அரைமணி நேரம் நிறுத்திவிட்டுக் கிளம்பும்போது மட்டும் என்றால் உருகிய பனி எங்கோ மீண்டும் உறைந்திருக்கிறது. டேங்கில் நீர் கலந்திருந்தால் ஃபில்டரில் ஐஸ் கட்டும். சில தயாரிப்புகளில் த்ராட்டில் உறைந்துவிட்டதா என்று பார்க்க ஒரு பாதுகாப்பு சுவிட்ச் இருக்கும். கேபிள் தளர்ந்திருந்தால் அது தவறாகப் புரிந்துகொண்டு எஞ்சினை அடக்கிவிடும்.

இறுகிய ஐஸ் பாதையில் 'ஓவர்ஹீட்' வந்தாலும் சென்சாரைத் திட்ட வேண்டாம். பெரும்பாலான ஸ்னோமொபைல்களில் கூலன்ட்டைக் குளிரவைப்பது பெல்ட் வாரி அடிக்கும் பனிதான். பனி கிளம்பாவிட்டால் சூடு ஏறத்தான் செய்யும்.

சரிவில் நின்றுவிட்டால்?

கோடு வந்ததும் பல வண்டிகள் லிம்ப் மோடுக்குப் போய் ஆர்.பி.எம்.மையும் பூஸ்ட்டையும் குறைத்துவிடும். அது எஞ்சினைக் காக்கும், ஏறிக்கொண்டிருக்கும் உங்களைக் காக்காது. முதல் திக்கலிலேயே, வேகம் மிச்சமிருக்கும்போது வண்டியைத் திருப்பிக் கீழே இறக்குவதுதான் சரி. கோடு என்ன என்று சரிவில் நின்று படிக்கக் கூடாது.

பனிச்சரிவுப் பயிற்சிகளில் அழுத்திச் சொல்லும் விதி, ஒரு சரிவில் ஒரு நேரத்தில் ஒரே வண்டி. ஒருவர் மேலே சிக்கிக்கொண்டால் உதவ இன்னொருவர் ஏறக் கூடாது, மற்றவர்கள் சரிவுக்கு நேர் கீழே நிற்கவும் கூடாது. 2010 மார்ச் 13-ல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவல்ஸ்டோக் அருகே ஸ்னோமொபைல் ரைடர்கள் கூடியிருந்த இடத்தில் பனிச்சரிவு பாய்ந்து 2 பேர் உயிரிழந்தனர். அதற்குக் காரணம் எஞ்சின் கோளாறு இல்லை. ஆனால் அப்படிப்பட்ட மலையில்தான் இந்த வண்டிகள் ஓடுகின்றன.

சமதளத்துக்கு வந்த பிறகு இன்டேக், கிளாம்ப், பிளக் கேப், கண்ணுக்குத் தெரியும் கனெக்டர்கள் ஆகியவற்றைப் பார்க்கலாம். சரியாகாவிட்டால் மெதுவாகத் திரும்ப வேண்டும், அல்லது இன்னொரு வண்டியில் கயிறு கட்டி இழுக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன் கோடை அழித்துவிடாதீர்கள். எந்த உயரம், என்ன குளிர், த்ராட்டில் எவ்வளவு, எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடியிருந்தது என்று குறித்துக் கொடுத்தால் மெக்கானிக்குக் கோடைவிட அதிகம் உதவும். ஈசியு ட்யூன் மாற்றியிருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ட்யூன் மாற்றிய ஈசியுவில் கம்பெனி அளவுகளை வைத்துச் சோதித்தால் நல்ல சென்சாரும் கெட்டதாகத் தெரியக்கூடும்.