நிலைக்கு வந்து நிற்கும் கதிர்

காதுக்கு முன்னால் வலியில்லாத ஒரு சின்னக் கட்டி. "வலிக்கலையே, தானாப் போயிடும்" என்று ராஜபாளையமானாலும் ஸ்ரீவில்லிபுத்தூரானாலும் பெண்கள் நாம் பேசாமல் இருந்துவிடுகிறோம். பெரும்பாலும் சாதாரணக் கட்டிதான். அரிதாக உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றாகவும் இருக்கலாம். மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

புற்றென்றால் ஆபரேஷன், தேவைப்பட்டால் கதிர் சிகிச்சை. வழக்கமான எக்ஸ்ரே கதிர் கட்டியைத் தாண்டியும் ஊடுருவும். புரோட்டான் கதிரோ, ஆண்டாள் தேர் நிலைக்கு வந்து நிற்பதுபோல் குறித்த ஆழத்தில் தன் வலிமையைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். கண், மூளை அருகே வரும் அரிய புற்றுகளுக்கு இது பெரிய உதவி. சென்னை தரமணி அப்போலோ மையத்தில் 2019 முதல் இருக்கிறது. செலவு அதிகம், எல்லாருக்கும் தேவையில்லை. "எனக்கு அவசியமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். கட்டியை மட்டும் மறைக்காதீர்கள், சகோதரிகளே!