கப்பல் வளர்ந்தது, சாலை வளர்ந்ததா?

ஆம்பூரில் ஒரு கன்டெய்னர் பெட்டி பூட்டி முத்திரையிடப்படுகிறது. அதற்குள் காலணி மட்டுமா இருக்கிறது? தையல் எந்திரத்தின் முன் குனிந்தே கிடந்த நம் சகோதரியின் முதுகுவலி இருக்கிறது; தோல் ஷாப்பில் சுண்ணாம்பு நீரோடு மல்லாடிய தோழனின் வியர்வை இருக்கிறது. அந்தப் பெட்டி கடல் தாண்டினால்தான் இங்கே அடுப்பெரியும்!

1956-ல் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்பார் முதன்முதலாக ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பிய பெட்டிகள் 58. இன்றோ? 2025 ஜூனில் கேரளத்து விழிஞ்ஞம் துறைமுகத்தில் வந்து நின்ற எம்.எஸ்.சி. ஐரினா, இருபதடிப் பெட்டிக் கணக்கில் 24,346 ஏற்றவல்லது. நீளம் ஏறத்தாழ 400 மீட்டர்!

கப்பல் வளர்ந்தால் துறைமுகமும் வளர்ந்தாக வேண்டும். அடியில் 16 மீட்டருக்கும் மேல் ஆழம் வேண்டும். கரையில், 24 வரிசைப் பெட்டிகளைத் தாண்டி எட்டும் கிரேன் வேண்டும். பின்னால், ஒரே நேரத்தில் வந்திறங்கும் ஆயிரக்கணக்கான பெட்டிகள் தேங்காமல் ஓடச் சாலை வேண்டும்.

கொழும்பு இதை உணர்ந்தது. 2013-ல் 18 மீட்டர் ஆழத்தில் புதிய முனையம் திறந்தது. சென்னையோ 1983-லேயே கன்டெய்னர் முனையம் கண்ட துறைமுகம்! முன்னே முளைத்த காதைவிடப் பின்னே முளைத்த கொம்பு பெரிதாகிவிட்டது. கப்பல் மாற்றி ஏற்றப்படும் இந்தியச் சரக்கில் முக்கால் பங்கு அயல்நாட்டுத் துறைமுகங்களுக்குப் போகிறது என்று டில்லி அரசே சொன்னதுண்டு.

ஆழம் கிடக்கட்டும், சாலையாவது உண்டா? மதுரவாயலிலிருந்து துறைமுகம்வரை பறக்கும் சாலைக்குக் கலைஞர் ஆட்சிக் காலத்தில், 2009-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2012-ல், கூவத்தின் நீரோட்டம் தடைப்படும் என்று காரணம் காட்டி அ.தி.மு.க. ஆட்சி நிறுத்தியது. தூண்கள் நின்றன, வேலையும் நின்றது! 2022-ல் மறுபடியும் அடிக்கல். இடையில் கரைந்த பத்தாண்டுகளை யார் திருப்பித் தருவார்?

துறைமுக வாசலில் லாரி காத்துக் கிடந்தால் கப்பல் தவறும். கப்பல் தவறினால் பருவம் தப்பும். பருவம் தப்பினால் வாங்குகிறவன் விலையைக் குறைப்பான், அல்லது விமானத்தில் அனுப்பு என்பான். முதலாளி அந்த நட்டத்தைத் தன் பெட்டியிலா எழுதிக்கொள்வான்? ஓவர்டைம் போகும், ஆட்குறைப்பு வரும். எங்கெங்கோ சுற்றி, கடைசியில் வந்து விழுவது தொழிலாளியின் வயிற்றில்!

கேட்டால் கிடைக்குமா என்று ஐயுறும் தோழர்களுக்கு ஒன்று சொல்வோம். 1967 ஜூலையில் அண்ணா எழுச்சி நாள் அறிவித்தபோது, முழங்கிய கோரிக்கைகளில் தூத்துக்குடித் துறைமுகமும் ஒன்று. 1974-ல் அது பெருந்துறைமுகமாயிற்று.

அன்று துறைமுகம் கேட்டோம். இன்று அதற்கு ஆழம் கேட்கிறோம்; சென்னைக்குச் சாலை கேட்கிறோம். பிச்சையாக அல்ல, பெட்டியை நிரப்பியவர்களின் உரிமையாக!