தோலின் நலமும் உணவும்

பள்ளிச் சிறார் சிலருடைய முழங்கையிலும் முழங்காலிலும் தோல் சொரசொரப்பாகி, மயிர்க்கால்தோறும் முள் போன்ற சிறு தடிப்புகள் எழுந்திருப்பதைக் காணலாம். இதனை அழுக்கு என்றோ சொறி என்றோ எண்ணிக் குழந்தையைக் கடிந்துகொள்வோரும், பிற குழந்தைகளை விலக்கி அமர்த்துவோரும் உளர். இது தொற்றுநோய் அன்று. தேய்த்துக் குளிப்பாட்டுவதால் நீங்குவதும் அன்று. பெரும்பாலும் உணவுக் குறையே இதன் காரணமாகும்.

1933-ஆம் ஆண்டில் கொழும்பு நகரில் பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ் என்னும் மருத்துவ அறிஞர் இந்நிலைக்கு ‘ஃபிரினோடெர்மா’ எனப் பெயரிட்டார். தேரையின் தோல் என்பது அச்சொல்லின் பொருள். வைட்டமின் ‘ஏ’ குறைவே இதன் காரணம் என்று முதலில் கருதப்பட்டது. எண்ணெய்களில் உள்ள இன்றியமையாத கொழுப்பு அமிலங்களும், ‘பி’ தொகுதி வைட்டமின்களும் குறைவதாலும் இந்நிலை தோன்றக்கூடும் எனப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின.

பப்பாளி, மாம்பழம், முருங்கைக்கீரை ஆகியவற்றில் உள்ள கரோட்டின் என்னும் நிறப்பொருளை உடல் வைட்டமின் ‘ஏ’ ஆக மாற்றிக்கொள்கிறது. கரோட்டின் கொழுப்பில் கரைவது. எண்ணெய் சேராத உணவிலிருந்து உடல் அதனைக் குறைவாகவே ஏற்கும். கீரையில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் சேர்ப்பதால் இரு பயன்கள் விளைகின்றன: கரோட்டின் உடலில் சேர்கிறது, தோலுக்கு வேண்டிய கொழுப்பு அமிலமும் கிடைக்கிறது.

தோலுக்கு உறுதியளிக்கும் கொலாஜன் என்னும் புரதம் உருவாக வைட்டமின் ‘சி’ தேவை. அது மிகக் குறைந்தால் ஈறுகளில் குருதி கசியும். புண்கள் ஆறத் தாமதமாகும். நெல்லிக்கனியிலும் கொய்யாவிலும் இச்சத்து ஆரஞ்சுப் பழத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு மிகுதி. சூட்டில் இது அழியும் ஆதலால் இவற்றைப் பச்சையாக உண்பதே நன்று.

எல்லாக் குறையையும் பழம் தீர்த்துவிடாது. தக்காணத்தில் சோளத்தையே பெரிதும் உண்டு வாழ்ந்த ஏழை மக்களிடையே பெல்லாக்ரா என்னும் நோய் காணப்பட்டது. வெயில் படும் கழுத்திலும் புறங்கைகளிலும் தோல் கருத்து உரியும். வயிற்றுப்போக்கும் மனக்கலக்கமும் தொடரும். ஐதராபாத்தில் இதனை ஆராய்ந்த கோபாலன், ஸ்ரீகாந்தியா ஆகியோர், சோளத்தில் மிகுந்துள்ள லியூசின் இதற்குக் காரணமாகலாம் என 1960-இல் கருத்துரைத்தனர். இந்நோய்க்கு வேண்டியது நயாசின் என்னும் ‘பி’ தொகுதி வைட்டமின். நிலக்கடலை, மீன், இறைச்சி ஆகியவை அதனை அளிக்கும்.

தோலில் மாறுதல் கண்டவிடத்து, அக்குழந்தையின் வீட்டில் எண்ணெய், பருப்பு, கீரை, பழம் ஆகியவற்றுள் எது உணவில் இல்லை என ஆசிரியரும் களப்பணியாளரும் கேட்டறிதல் வேண்டும். விரலிடுக்குகளில் இரவில் மிகும் அரிப்பும், உணர்ச்சியற்ற வெளிறிய தேமலும் உணவுக் குறையின் அறிகுறிகள் அல்ல. அவை காணப்பட்டால் தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புதல் வேண்டும். உணவுக் குறையால் வந்த நிலையிலும் மருத்துவர் ஆலோசனை தேவை. உணவு சீரான பின்னரும் தோல் தேறச் சில வாரங்கள் ஆகும் என்பதைப் பெற்றோர்க்கு முன்னரே கூறிவிட்டால், அவர்கள் நம்பிக்கையிழந்து இடையில் நிறுத்திவிடமாட்டார்கள்.