பழைய டிராக்டரில் பெட்ரோல் வழிகிறதா?

1958 ஜனவரியில் எட்மண்ட் ஹிலாரி தென் துருவத்தை அடைந்தது ஃபெர்குசன் டிஇ20 ரக டிராக்டர்களில். இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி அது. பழம்பொருள் பிரியர்கள் இன்றும் ஓட்டுகிறார்கள்.

அதன் கார்புரேட்டரில் பெட்ரோல் வழிந்தால், உடனே புதிது வாங்க ஓடாதீர்கள். முதலில் டேங்க் குழாயை மூடுங்கள். அருகில் நெருப்பு கூடாது. பிறகு கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள்.

கிண்ணம் நிரம்பியதும் உள்ளிருக்கும் மிதவை எழும்பி, ஊசி வால்வைத் தள்ளி வழியை அடைக்க வேண்டும். ஊசிமுனையில் தூசு சிக்கினாலோ முனை தேய்ந்தாலோ அடைக்காது. தூசு என்றால் துடைத்தாலே போதும். தேய்ந்திருந்தால் வால்வை மாற்றுங்கள். மிதவையைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே 'களக் களக்' என்றால் அது ஓட்டை.

மீண்டும் ஸ்டார்ட் செய்யுமுன் என்ஜின் ஆயிலை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் கட்டாயம் மாற்றுங்கள். நீர்த்த ஆயில் என்ஜினையே தின்றுவிடும்.