கியர் மாறும்போது கார் குலுங்குதா? கியர்பாக்ஸைக் கழற்றும் முன் இதைப் பாருங்க!

சிக்னலில் பச்சை விழுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறீர்கள். கார் ஒரு நொடி யோசிக்கிறது; அப்புறம் பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்ட மாதிரி 'டக்'குனு பாய்கிறது. பக்கத்து சீட்டில் இருப்பவர் நம்மை ஒரு பார்வை பார்ப்பார். ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், 'கியர்பாக்ஸ் போச்சு சார்' என்று ஒரு லட்சத்தைத் தாண்டும் எஸ்டிமேட் கைக்கு வரும். எனக்கு வந்தது. கடைசியில் மாற்றியது என்ன என்பதை அப்புறம் சொல்கிறேன்.

முதல் கேள்வி, உங்க கார்ல இருப்பது எந்த ஆட்டோமேட்டிக்? கிளட்ச் பெடல் இல்லாத எல்லாவற்றையும் 'ஆட்டோமேட்டிக்'னு விற்கிறார்கள். உள்ளே இருப்பது நாலு விதம். ஒன்றில் சகஜமான குலுக்கல், இன்னொன்றில் நோயின் அறிகுறி.

2014-ல் வந்த மாருதி செலேரியோவுக்குப் பிறகு நம்ம ஊரில் பரவியது ஏஎம்டி. மாருதியில் ஏஜிஎஸ் என்று பெயர். இது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸேதான். கிளட்சை மிதிப்பதும் கியரை மாற்றுவதும் மட்டும் ஒரு இயந்திரக் கை. அதனால் ஒவ்வொரு மாற்றத்திலும் லேசாகத் தலை முன்னால் ஆடுவது இயல்பு. கியர் மாறப் போகும் நேரத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். பாதி குலுக்கல் போய்விடும். புது காராக இருந்தபோது இல்லாத அளவுக்கு இப்போது உதறுகிறது என்றால்தான் கவலை. பெரும்பாலும் கிளட்ச் தேய்ந்திருக்கும். புது கிளட்ச் போட்டாலும், அது எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதை ஸ்கேனர் மூலம் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் புது கிளட்சும் குலுக்கும்.

டிரைவர் கதவைத் திறந்ததும் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்குமே, பல ஏஎம்டி கார்களில் அது அந்த இயந்திரக் கைக்கு அழுத்தம் ஏற்றும் மின்சார பம்ப். பேட்டரி பலவீனமானால் அந்தக் கையும் தடுமாறும். ஆகவே பேட்டரி டெஸ்ட் முதலில். அதற்கு ஐந்து நிமிடம் போதும். இன்னொன்று, கத்திப்பாரா மேம்பாலத்தில் டிராஃபிக்கில் நிற்கும்போது பிரேக்கை விட்டு ஆக்ஸிலரேட்டரிலேயே காரைப் பிடித்து நிறுத்துவார்கள் சிலர். கிளட்ச் அங்கேயே வெந்துபோகும்.

டார்க் கன்வெர்ட்டர் வகை வேறு கதை. இன்னோவா கிரிஸ்டா, எர்டிகா ஆட்டோமேட்டிக் எல்லாம் இந்த ரகம். இங்கே கியரை மாற்றுவதே ஆயிலின் அழுத்தம்தான். அதனால் சந்தேகப்பட வேண்டியதும் முதலில் ஆயிலைத்தான். அளவு குறைந்தால் கியர் விழத் தாமதமாகும். கூடிப்போனாலும் நுரை தட்டி அதே தொல்லை. வழக்கமாகச் சிவப்பாக வரும் ஆயில் கறுத்து, கருகிய வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் பிளேட் தேய்கிறது. இப்போதைய பல கார்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது. லிஃப்டில் ஏற்றி, சொன்ன வெப்பநிலையில் வைத்துப் பார்க்க வேண்டும். 'லைஃப்டைம் ஆயில் சார், மாத்தவே வேணாம்' என்பார்கள். கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது 8 ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறது. யாருடைய லைஃப்டைம் என்று கேளுங்கள்!

சிவிடியில் கியர் படிகளே இல்லை, பெல்ட்தான். அதில் உதறல் வந்தால் தள்ளிப்போட வேண்டாம். அதற்குரிய ஆயிலையே ஊற்றுகிறார்களா என்று டப்பாவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். சாதாரண டிரான்ஸ்மிஷன் ஆயில் ஒத்துவராது. டிசிடியில், அதுவும் உலர் கிளட்ச் வகையில், ஊர்ந்து போகும் டிராஃபிக்தான் எதிரி. முன்னால் கொஞ்சம் இடம் விட்டு, ஒரேயடியாக நகருங்கள்.

இனி என் கதை. பார்க்கிங்கிலிருந்து 'டி'க்கும் 'ஆர்'-க்கும் மாற்றினாலே அடியில் தொம்மென்று ஒரு இடி. எஸ்டிமேட்டில் கியர்பாக்ஸ் ஓவர்ஹால். இன்னொரு மெக்கானிக் பானெட்டைத் திறந்து, என்னைப் பிரேக்கை அழுத்திக்கொண்டு 'டி', 'ஆர்' மாற்றச் சொன்னார். இன்ஜின் அப்படியே ஒரு பக்கம் எகிறியது. கிழிந்திருந்தது இன்ஜின் மவுன்ட் ரப்பர்! செலவு சில ஆயிரம். இதேபோல ஒரு ஸ்பார்க் பிளக் சரியாக எரியவில்லை என்றாலும், கியர் குலுக்குவது போலவே தோன்றும்.

ஸ்கேன் செய்யச் சொல்லி, கோடு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பி0300 வந்தால் பிரச்சினை இன்ஜின் பக்கம். பி0700 என்பது 'கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் ஏதோ புகார் சொல்கிறது' என்பது மட்டுமே. அதை வைத்துக் கழற்றக் கூடாது, உள்ளே இருக்கும் அடுத்த கோடைப் படிக்க வேண்டும். கூடவே நீங்களும் போனில் குறித்து வையுங்கள்: இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா சூடான பிறகா, எத்தனையாவது கியரில், மெதுவாக மிதித்தாலா அழுத்தினாலா. மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள்.

சரிவில் நிறுத்தி எடுக்கும்போது மட்டும் 'டக்' என்றால் அது பழுதே இல்லை. காரின் எடை முழுக்க 'பி'யின் சின்னக் கொக்கியில் தொங்குகிறது. பிரேக்கை மிதித்தபடி நியூட்ரல், ஹேண்ட்பிரேக், காலை எடுத்துப் பார்த்துவிட்டு பிறகு 'பி'. இந்த வரிசையில் செய்தால் சத்தம் நின்றுவிடும்.

ஆர்பிஎம் எகிறியும் வேகம் ஏறவில்லை, அல்லது எச்சரிக்கை விளக்கு எரிந்து ஒரே கியரில் மாட்டிக்கொண்டது என்றால், ஓரமாக நிறுத்திவிடுங்கள். கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். இன்ஜின் ஓடாமல் சக்கரம் மட்டும் சுற்றினால் பல ஆட்டோமேட்டிக்குகளில் உள்ளே ஆயில் பாயாது. நாலு சக்கரமும் மேலே ஏறும் ஃபிளாட்பெட் வண்டியையே கேளுங்கள்.