கரையில் நின்று பாடுகிறவள்

இலங்கைக் கடற்கரையில் நடக்கும் கதையாக ஒரு மேலைநாட்டு இசைநாடகம் உண்டு. பெயர் ‘முத்துக்குளிப்போர்’. நமது நாட்டுக்கூத்தைப் போலப் பாடியே நடிக்கும் ‘ஒப்பரா’ வகையைச் சேர்ந்தது. பிரான்ஸ் நாட்டு இசையமைப்பாளர் ஜோர்ஜ் பிஸே தமது 24ஆவது வயதில் இதற்கு இசையமைத்தார். 1863இல் பாரிஸில் 18 தடவை மேடையேறியதோடு சரி. 1875இல் அவர் இறக்கும்வரை யாரும் அதைத் திரும்பப் போடவில்லை. 1886இல் இத்தாலியின் மிலான் நகரில், இத்தாலிய மொழியில் போட்ட பிறகே மீண்டும் எழுந்தது. நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் அரங்கு 1916க்குப் பிறகு ஏறத்தாழ 100 ஆண்டுகள் கழித்துத்தான் இதை மேடையேற்றியது. பெனி வூல்கொக் என்ற பெண் நெறிப்படுத்திய அந்த நாடகம் 2016 ஜனவரியில் பல நாட்டுத் திரையரங்குகளில் நேரடியாகக் காட்டப்பட்டது.

அதன் இறுவட்டை அண்மையில் திருகோணமலையில் நாங்கள் சில பெண்கள் சேர்ந்து பார்த்தோம். மொழி பிரெஞ்சு. கதையை நான் இடையிடையே சொல்லிக்கொண்டிருந்தேன். தொடக்கத்தில் கயிற்றில் தொங்கும் கலைஞர்கள் ஆழ்கடலில் சுழியோடுவது போலவே தெரிகிறார்கள்.

கதாநாயகி லெய்லா. ஆண்கள் கடலில் இருக்கும்போது அவள் முகத்திரையோடு பாறையில் தனித்து நின்று பாட வேண்டும். காதல் கூடாது. விரதம் காத்தால் மிகச் சிறந்த முத்து பரிசு, தவறினால் மரணம். முன்பே அவளை விரும்பிய நாதிர் தேடி வந்துவிடுகிறான். அவர்கள் பிடிபடும் வேளையில் புயலும் எழ, பழி முழுவதும் அவள் தலையில் விழுகிறது. ஊர்த்தலைவன் சூர்கா மரண தண்டனை விதிக்கிறான்.

உண்மையான முத்துக்குளிப்பு மன்னார்க் கடலில், சிலாபத்துறை, அரிப்புப் பக்கம் நடந்தது. நமது தம்பலகாமம் குடாவிலும் சிறு முத்துகளுக்காகச் சிப்பி எடுத்தார்கள். மன்னாரில் சுறா தீண்டாதிருக்க மந்திரம் சொன்னவர்கள் ‘கடல்கட்டி’ எனப்பட்ட ஆண்கள். ஆங்கிலேய அரசாங்கம் அதற்குச் சம்பளமும் கொடுத்தது. நாடகத்திலோ அந்தப் பொறுப்பு ஒரு பெண்ணின் கற்பின் மேல் ஏற்றப்படுகிறது.

இதைச் சொன்னபோது, 2004 டிசம்பர் 26இல் கணவரைக் கடலுக்குக் கொடுத்த அக்கா ஒருவர், “என்னையும் ராசியில்லாதவள் எண்டுதானே சொன்னவை” என்றார். போரில் கணவரை இழந்த இன்னொருவர் தலையசைத்தார். நல்ல காரியங்களில் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டவர் அவர்.

முடிவில் லெய்லாவின் கழுத்துச் சங்கிலியை சூர்கா காண்கிறான். முன்னொரு நாள் உயிருக்குப் பயந்து ஓடிவந்த தனக்கு அடைக்கலம் தந்த சிறுமிக்கு அவன் கொடுத்த சங்கிலி அது. ஊருக்குத் தீ வைத்துக் கவனத்தைத் திருப்பி, இருவரையும் தப்பவிடுகிறான்.

சகோதரிகளே, அடைக்கலம் கொடுத்தவர்கள் நம்மிலும் பலர். ஆனால் நம் நல்ல மனதைக் காட்ட ஒரு சங்கிலி வேண்டியதில்லை. அலை வந்தது கடலடி நிலநடுக்கத்தால். குண்டு விழுந்தது மனிதர் கையால். நம் ராசியால் அல்ல. அடுத்த கல்யாண வீட்டில் பின்னால் ஒதுங்கி நிற்கும் ஒருத்தியைக் கண்டால், கைபிடித்து முன்னால் கூட்டி வாருங்கள்.