துறவி நண்டும் அதன் இல்லமும்

துறவி நண்டு என்று நாம் வழங்கும் பிராணியை மலையாளிகளும் சந்நியாசி ஞண்டு என்றே அழைக்கிறார்கள். பெயர் அழகியது; ஆனால் பொருந்தாதது. உயிர்நூலார் இதனை மெய்யான நண்டினத்தில் சேர்ப்பதில்லை. முன்னுடல் நண்டைப் போல ஓடு போர்த்தியிருக்கும். பின்னுடலோ ஓடின்றி, மெத்தென்று, ஒரு பக்கமாகச் சுருண்டிருக்கும். அம்மெல்லிய பகுதியைக் காத்துக்கொள்ள, இறந்துபட்ட கடல்நத்தை ஒன்றின் சங்கு அதற்கு வேண்டும். சங்கைத் தானே ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆகவே பிறர் விட்டுச் சென்ற வீட்டில் வாழ்நாள் முழுவதும் குடியிருப்பதே அதன் நியதி.

திருவனந்தபுரத்தில் நான் வசிக்கும் பழவங்காடியை நேயர்களில் பலர் கணபதி கோயிலைக் கொண்டு அறிந்திருக்கலாம். பழைய அங்காடி என்பதே ஊர்ப்பெயரின் பொருள். கோயிலுக்கு அருகே கிழக்கே கோட்டையிலிருந்து கோவளத்துக்கும் விழிஞ்ஞத்துக்கும் பேருந்துகள் புறப்படுகின்றன. வெளி மாநிலங்களில் பணியாற்றும் தமிழ்க் குடும்பத்தார் விடுமுறைக்கு வரும்போது கடற்கரைக்குச் சென்று மாலையில் திரும்புவார்கள். குழந்தைகளின் கையில் ஒரு பாட்டில். அதனுள் ஒரு சிறு சங்கு. அச்சங்குக்குக் கால்கள் முளைத்து நடக்கும். இதை வீட்டில் வளர்க்கலாமா என்று குழந்தை கேட்கும். பெரியவர்களுக்கு விடை தெரியாது.

விடை, கையிலிருப்பது எவ்வினம் என்பதைப் பொறுத்தது. கோவளத்துப் பாறைக் குழிகளில் ஊர்பவை பெரும்பாலும் கடல்நீரிலேயே சுவாசிப்பவை. அவற்றுள் ஓர் இனத்துக்கு டயோஜெனிஸ் என்றே பெயரிட்டிருக்கிறார்கள். பெருந்தாழியொன்றில் குடியிருந்ததாகச் சொல்லப்படும் கிரேக்க ஞானியின் பெயர் அது. இவ்வகையைக் குழாய்நீரில் இட்டால் விரைவில் மடியும். பாட்டிலில் அள்ளிய கடல்நீரும், சூடேறிப் பிராணவாயு குன்றியதும், அதற்குப் பயன்படாது. வீட்டில் வளர்க்கத் தக்கது நிலத்தில் வாழும் மற்றொரு வகை. நம் நாட்டில் அந்தமான் நிக்கோபார், இலட்சத்தீவுக் கரைகளில் அது காணப்படுகிறது. அதன் அறிவியற்பெயர் சீனோபிட்டா. மடத்தில் கூடி வாழும் துறவி என்பது அச்சொல்லின் கருத்து. இப்பெயர்தான் பொருத்தமானது; ஏனெனில் இப்பிராணி தனிமையை விரும்புவதன்று, கூட்டமாக வாழ்வது.

நிலத்தில் வாழ்ந்தாலும் அது செவுள்களை விட்டுவிடவில்லை. செவுள் ஈரமாக இருக்கும் வரையில்தான் காற்றிலுள்ள பிராணவாயுவை அது ஏற்கும். அதற்காகவே சங்கினுள் சிறிது நீரை எப்போதும் சுமந்து திரிகிறது. சுற்றியுள்ள காற்றில் ஈரப்பதம் 70 முதல் 80 சதவீதம் வரை இருத்தல் வேண்டும். திருவனந்தபுரத்தின் காற்று இயல்பாகவே அத்தகையது. ஆனால் தில்லியின் மே மாதப் பிற்பகல்களில் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்குவது வழக்கம். அங்கே கம்பிக் கூண்டில் வைக்கப்பட்ட துறவி நண்டு கத்துவதில்லை, துடிப்பதில்லை. அசையாமல் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். வீட்டார் அதைச் சாந்த குணம் என்று எண்ணிக்கொள்வார்கள். உண்மையில் அது மூச்சடைத்து, நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ சிறிது சிறிதாக இறந்துகொண்டிருக்கிறது.

ஆதலால் கம்பிக் கூண்டு ஆகாது. மூடியுள்ள கண்ணாடித் தொட்டியே வேண்டும். ஐந்து பங்கு மணலுடன் ஒரு பங்கு தென்னை நார்த்தூள் கலந்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்கு ஈரமாக்கி, குறைந்தது 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்ப வேண்டும். வெப்பம் 24 முதல் 29 டிகிரிக்குள் இருப்பது நலம். ஈரப்பதமானி ஒன்றைத் தொட்டியுள் வைப்பது வீண்செலவன்று. இரண்டு கிண்ணங்களில் நீர் தேவை: ஒன்றில் நன்னீர், மற்றொன்றில் உப்புநீர். குளோரின் கலந்த குழாய்நீரைவிடக் கிணற்றுநீர் உத்தமம். உப்புநீருக்குச் சமையலறையின் அயோடின் உப்பு ஏற்றதன்று. அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும் கடலுப்பை லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் கரைக்கலாம். நண்டு ஏறி வெளிவருவதற்குக் கிண்ணத்தில் ஒரு கல் இடவேண்டும். இல்லையேல் நீரில் மூழ்கி இறந்துபோகும். செம்புப் பாத்திரம் நமக்கு ஆசாரமானது. நண்டுக்கோ செம்பு நஞ்சு. கொசுவிரட்டியும் அவ்வாறே.

இனி வீட்டுப் பிரச்சினை. நண்டு வளரும், சங்கு வளராது. எனவே அவ்வப்போது பெரிய சங்குக்கு மாறியே தீரவேண்டும். கடற்கரையில் நல்ல சங்கொன்று ஒதுங்கினால் நிகழும் காட்சி விந்தையானது. அளவு பொருந்தாத நண்டு அதைப் பார்த்துவிட்டுப் போய்விடாமல் அருகிலேயே காத்திருக்கும். மற்றவையும் வந்து சேர, பெரியது முதல் சிறியது வரை வரிசை நிற்கும். பெரியது புதுச் சங்கினுள் புகுந்ததும் அதன் பழைய சங்கில் அடுத்தது, அதனதில் அதற்கடுத்தது என்று சில கணங்களில் எல்லோரும் வீடு மாறிவிடுவார்கள். அரசாங்கக் குடியிருப்பில் மேலதிகாரி மாற்றலாகிப் போக, ஒவ்வொருவராக ஒரு படி பெரிய வீட்டுக்கு நகர்வதைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. என்ன, இங்கே விண்ணப்பப் படிவம் இல்லை!

வளர்ப்போர் ஒவ்வொரு நண்டுக்கும் இரண்டு மூன்று காலிச் சங்குகளையேனும் தொட்டியில் வைத்தல் வேண்டும். வண்ணம் பூசியவை கூடா. வண்ணம் உரிந்து வயிற்றுக்குள் போகும். சங்குப் பஞ்சம் கடற்கரையிலும் இருக்கிறது. போலந்து அறிஞர்கள் 2024இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மக்கள் இணையத்தில் பதிந்த புகைப்படங்களைத் தொகுத்து, செயற்கைப் பொருள்களைச் சுமந்து திரியும் 386 துறவி நண்டுகளைக் கணக்கிட்டார்கள். அவற்றுள் பெரும்பாலானவை சுமந்தவை பிளாஸ்டிக் மூடிகள். நிலத்தில் வாழும் 16 இனங்களில் 10 இனங்கள் அப்படங்களில் இருந்தன.

எல்லாவற்றினும் கடினமானது, தோலுரிக்கும் காலம். வளர்வதற்காக நண்டு தன் மேலோட்டைக் கழற்றியாக வேண்டும். அப்போது மணலுக்குள் புதைந்து, சில வாரங்கள், பெரிய நண்டாயின் சில மாதங்கள் கூட, வெளிவராமலே இருக்கும். எனக்குத் தெரிந்த வீடொன்றில் மூன்றாவது வாரம் பொறுமையிழந்து மணலைத் தோண்டினார்கள். உள்ளே வெளுத்து, மெழுகு போல் குழைந்து ஓர் உயிர் கிடந்தது. மறுநாள் அது இறந்தது. தோண்டாதிருந்தால் பிழைத்திருக்கக் கூடும். இறந்ததா இல்லையா என்று அறிய ஒரே வழி மூக்குத்தான்: இறந்த நண்டு அழுகிய மீன் போல நாறும். நாற்றமில்லையெனில் மணலைத் தொடக்கூடாது. கழற்றிய பழைய ஓட்டையும் அப்புறப்படுத்தலாகாது. அதைத் தின்றே புதிய ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை அது பெறுகிறது.

உணவு பற்றிக் கவலையில்லை. தேங்காய்த் துண்டு, பழம், உப்பிடாத உலர்ந்த இறால், கணவாய் ஓடு யாவும் உண்ணும். பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைத்த காயில் ஒரு சில்லு போதும். மிஞ்சியதை மறுநாள் எடுத்துவிட வேண்டும்.

நன்கு பேணினால் முப்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய பிராணி இது. தொட்டியில் இனம் பெருக்குவது மிக அரிது. குஞ்சுகள் கடலில் மிதந்து வளர்ந்த பின்னரே கரையேறுகின்றன. ஆகவே கடையில் விற்பனைக்கு வருபவை ஏறக்குறைய யாவும் ஏதோ ஒரு கரையில் பிடிக்கப்பட்டவை. இதன் பேருருவான உறவினம், நிக்கோபாரின் தென்னை நண்டு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளது. சில சங்கினங்களும் அவ்வாறே. முப்பது ஆண்டுப் பொறுப்பை ஏற்க இயலாதவர், மூன்றாண்டுக்கொரு முறை ஊர் மாற்றப்படும் உத்தியோகத்தில் இருப்பவர், இதனை வாங்காதிருப்பதே நன்று என்பது என் கருத்து. வாங்கியபின் மனம் மாறி நம் ஊர்க் கடற்கரையில் விடுவதும் தவறு. வேற்றுக் கரையில் பிறந்தது இங்கே பிழைக்காது. பிழைத்தாலும் இங்குள்ளவற்றுக்கு இடையூறாகலாம்.

கோவளத்திலிருந்து குழந்தை கொண்டுவந்தது கதை வேறு. அது இக்கரைக்கே உரியது. அதைக் கடல்நீரில் நனைத்த துணி போர்த்திய அகலப் பாத்திரத்தில் நிழலாக வைத்து, கிழக்கே கோட்டையிலிருந்து புறப்படும் அடுத்த பேருந்திலேயே கொண்டுபோய், எடுத்த பாறைக் குழியிலேயே, சங்கின் வாய் கீழ்நோக்கி இருக்குமாறு வைத்துவிடலாம். குழந்தையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.